கேசிங் 100 அடிக்குப் பணம் வாங்கி 60 அடிதான் இறக்கினார்கள்: என்ன செய்யலாம்?

கேள்வி: தக்கலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். கணவர் இல்லை. போன மாசி மாதம் வீட்டு முற்றத்தில் 280 அடிக்கு போர் போட்டோம். உள்ளூர் ஏஜெண்ட் ஒருவர் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து போர் போடும் வண்டியை வரவழைத்தார். கேசிங், அதாவது துளையின் மேற்பகுதியில் மண் சரியாமல் இறக்கும் பைப், 100 அடி என்று எழுதி, அடிக்கு 450 ரூபாய் வீதம் 45,000 வாங்கினார்கள். 20 அடிப் பைப் மூன்றுதான் இறங்கியது என்கிறான் கூட நின்ற என் தம்பி. ஆனி மழை தொடங்கியதிலிருந்து தண்ணீர் செம்மண் கலங்கலாக வருகிறது. மோட்டாரும் மண் அடைத்து நின்றுவிட்டது. கேட்டால், "உங்க மண்ணோட குணம் அது" என்கிறார்கள். போலீசில் புகார் கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, போலீசுக்கு இப்போது போக வேண்டாம். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் மோசடி வழக்கு நிற்கும். காவல் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். உங்களுக்கு நேரான வழி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

போர் போட்டுத் தண்ணீர் கிடைக்கவில்லை என்றால், எழுத்தில் உறுதி கொடுக்காதவரை வண்டிக்காரரைக் குறை சொல்வது கடினம். கேசிங் அப்படியல்ல, அடிக்கணக்கில் அளந்து காட்டக்கூடிய வேலை. நம் மாவட்டத்தில் மேலே செம்மண், வெட்டுக்கல், உதிரிப் பாறை எல்லாம் தாண்டித்தான் கெட்டிப் பாறை வரும். அதுவரை பைப் இறங்கி, சில அடி பாறைக்குள் உட்கார வேண்டும். மேற்பகுதியில் பைப்புக்கும் மண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியையும் சிமெண்டுக் குழம்போ களிமண்ணோ போட்டு அடைக்க வேண்டும். பாறைக்கு மேலேயே பைப் நின்றுவிட்டால் மழைக்காலத்தில் பைப்புக்கும் பாறைக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாக மண் சரியும். பக்கத்தில் கழிவறைத் தொட்டி இருந்தால் அந்த நீரும் அதே வழியில் இறங்கும்.

"மண்ணின் குணம்" என்ற பதிலை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மோட்டாரைச் சரிசெய்து ஓட்டும்போது உள்ளே இருப்பது தெரியும் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, சில மணி நேரம் கழித்து மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறினால், அது நீரில் கரைந்துள்ள இரும்பு. அதற்கு வண்டிக்காரர் பொறுப்பில்லை. குழாயிலிருந்து விழும்போதே கலங்கி இருந்து, வைத்த பிறகு அடியில் செம்மண் படிந்தால் கேசிங் மேல் சந்தேகம் வலுக்கும். அப்புறம் குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் நீரைக் கொடுத்து, கலங்கலோடு, கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமியும் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. ஏஜெண்ட் வந்து "உள்ளே சின்னப் பைப் இறக்கிச் சரிசெய்து தருகிறேன்" என்றால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். இறக்கிவிட்டால் பழைய பைப் எத்தனை அடி என்ற சாட்சியே மறைந்துவிடும். முதலில் போர்வெல் கேமரா இறக்கிப் பாருங்கள். கேமரா இறங்கும் ஆழம் திரையில் தெரியும். பைப்பின் வாய் முடிந்து வெறும் மண்ணோ பாறையோ தெரியும் இடத்தில் எத்தனை அடி என்று காட்டுகிறதோ, அதுதான் உங்கள் வழக்கு. இன்ன நாளில் கேமரா இறக்கப்போகிறோம், வந்து நில்லுங்கள் என்று எதிர்த்தரப்புக்கு எழுத்தில் முன்கூட்டியே தெரிவியுங்கள். வராவிட்டால் அது அவர்களுக்குத்தான் பாதகம். வீடியோவைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குத் தரும் சான்றிதழையும் சேர்த்துவிடுங்கள்.

முற்றத்தில் பைப் அறுத்த மிச்சத் துண்டு கிடந்தால் எடுத்து வையுங்கள். அதன் மேல் ஐஎஸ் 12818 என்ற தர எண்ணும், சிஎஸ் அல்லது சிஎம் என்ற வகையும் அச்சாகியிருக்க வேண்டும். சிஎஸ் என்பது 80 மீட்டர் வரையிலான ஆழத்துக்கு, சிஎம் அதற்கு மேல் 250 மீட்டர் வரை. எந்த அச்சும் இல்லாத பைப் என்றால் அதையும் புகாரில் சேர்க்கலாம். வெள்ளைத் தாளில் எழுதிய கணக்கு, பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, தம்பியின் பிரமாண வாக்குமூலம் எல்லாம் உதவும்.

வண்டி வெளியூர் என்று தயங்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். ஏஜெண்ட், வண்டி உரிமையாளர் இருவரையும் எதிர்மனுதாரராகப் போடுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. காலக்கெடு 2 ஆண்டு. கலங்கல் வந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதிட இடமுண்டு, ஆனாலும் பாதுகாப்பாக போர் போட்ட நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். இறக்காத 40 அடிக்கான 18,000 ரூபாய், மோட்டார் பழுதுச் செலவு, கேசிங்கைச் சரிசெய்யும் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு அனைத்தையும் கேளுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால், பெண் என்ற முறையிலேயே, வருமானம் எதுவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெற உங்களுக்கு உரிமை உண்டு.

போர் போடும் முன் ஊராட்சிக்குத் தெரிவித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. உச்ச நீதிமன்றம் 2010-இல் வகுத்த நெறிமுறைகளின்படி, நில உரிமையாளர் 15 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும், துளையிடும் நிறுவனமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் எதிர்த்தரப்பு அதை எடுத்துப் பேசும். மறைக்காமல் உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். இறக்காத பைப்புக்குப் பணம் வாங்கியதை அது நியாயமாக்காது.

அதே நெறிமுறைகளில், கேசிங்கைச் சுற்றித் தரைக்கு மேல் 30 செ.மீ., கீழே 30 செ.மீ. கான்கிரீட் மேடை கட்ட வேண்டும், வாயை இரும்புத் தகடு வெல்டிங் செய்தோ போல்ட் போட்டோ மூட வேண்டும் என்றும் இருக்கிறது. மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2019-இல் குழந்தை விழுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கேமராவுக்காக மோட்டாரை மேலே எடுக்கும் நாளில், வேலை பாதியில் நின்று இரவாகிவிட்டால், வாயில் சாக்கைத் திணித்துவிட்டுப் போக மெக்கானிக்கை விடாதீர்கள். தகடு போட்டு போல்டை முடுக்கிய பிறகே அவரை அனுப்புங்கள்.