மாநிலச் சட்டப்படி வந்த நிலமெடுப்பு அறிவிப்பு: மத்தியச் சட்டத்தைக் காட்டி நிறுத்த முடியுமா?

தொழிற்பூங்காவுக்காகத் தமது மூன்று ஏக்கர் நன்செய் நிலத்தை எடுக்கப்போவதாக, தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டத்தின் 3(2) பிரிவின்படி அறிவிப்பு வந்திருப்பதாக வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். நிலமெடுப்பால் மக்களுக்கு ஏற்படும் பாதிப்புகளை முன்கூட்டியே ஆராயும் சமூகத் தாக்க மதிப்பீட்டை 2013ஆம் ஆண்டின் மத்திய நிலமெடுப்புச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும்போது, அது நடக்காமல் நிலத்தை எடுப்பது செல்லாது என்று வாதிடலாமா என்பது அவருடைய கேள்வி.

அந்த ஒரு வாதத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. மாநிலச் சட்டமும் மத்தியச் சட்டமும் மோதினால் எப்போதும் மத்தியச் சட்டமே வெல்லும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மைதான். நிலம் மாநிலப் பட்டியலில் இருந்தாலும், சொத்தைக் கையகப்படுத்துவது பொதுப்பட்டியலின் 42ஆம் இனமாக இருப்பதால், நாடாளுமன்றமும் சட்டமன்றமும் அதில் சட்டம் இயற்றலாம். இரண்டும் முரண்பட்டால் மத்தியச் சட்டமே நிற்கும் என்கிறது அரசியலமைப்பின் 254(1) பிரிவு. ஆனால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற பிந்தைய மாநிலச் சட்டம் அந்த மாநிலத்துக்குள் மேலோங்கும் என்று 254(2) விலக்களிக்கிறது. குடியரசுத் தலைவர் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படியே ஒப்புதல் தருகிறார். நாடாளுமன்றம் பின்னர் வேறு சட்டம் இயற்றி அந்த விலக்கை நீக்கவும் முடியும். ஆகவே மாநிலத்துக்குக் கிடைக்கும் இந்த உரிமை, மத்திய அரசு இசைந்தால் மட்டுமே கிடைக்கும் உரிமை என்பதையும் மறக்கக் கூடாது.

உங்கள் வாதம் ஒருமுறை வென்றதும் உண்டு. 1997ஆம் ஆண்டின் இந்தத் தொழில் சட்டமும், ஆதிதிராவிடர் நலத்துக்கான 1978ஆம் ஆண்டுச் சட்டமும், 2001ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டமும் மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டுச் செயலிழந்துவிட்டன என்றும், அவற்றின்கீழ் நடக்கும் நிலமெடுப்புக்கு மத்தியச் சட்டம் பொருந்தாது எனும் 105ஏ பிரிவை மாநிலம் மத்தியச் சட்டத்தில் சேர்த்ததால் மட்டும் அவை உயிர்பெறவில்லை என்றும் 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில், அந்த மூன்று சட்டங்களுக்கும் மீண்டும் உயிர்கொடுக்கும் மீட்புச் சட்டம் ஒன்றைச் சட்டமன்றம் இயற்றியது. டிசம்பரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. மத்தியச் சட்டத்திலிருந்து விலகி நிற்கக் கிடைத்த அதிகாரத்தை, நிலத்தை இழப்பவர்களுக்கான பாதுகாப்பைக் குறைக்க மாநிலம் பயன்படுத்தியது வருத்தத்துக்குரியது என்றே நான் கருதுகிறேன்; ஆனாலும் இன்று உங்களுக்குப் பொருந்துவது அந்த மாநிலச் சட்டம்தான்.

இழப்பீட்டில் நிலைமை வேறு. அது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் அளவுகோலின்படியே கணக்கிடப்பட வேண்டும். வழிகாட்டி மதிப்பை மட்டும் பார்க்காமல், சுற்றுவட்டாரத்தில் முந்தைய 3 ஆண்டுகளில் பதிவான கிரையப் பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரியையும் கணக்கில் எடுக்க வேண்டும். கிணறு, மரம், கட்டடம் ஆகியவற்றின் மதிப்பையும் சேர்த்து, அதற்குச் சமமாக 100 விழுக்காடு ஆறுதல் தொகையும் தர வேண்டும். எனவே அந்தப் பத்திரங்களின் சான்றிட்ட நகல்களை இப்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பெற்று வையுங்கள்.

இப்போது மிகவும் அவசரமானது 3(2) அறிவிப்புக்கான பதில். அதில் குறித்த நாளுக்குள் எழுத்து வடிவில் ஆட்சேபம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். பாசன வாய்க்கால் அடைபடுவது, அருகில் தரிசு நிலம் இருப்பது, தேவைக்கு மேல் பரப்பு கேட்கப்படுவது போன்ற உங்கள் நிலத்துக்கே உரிய காரணங்களைப் புல எண்ணோடு எழுதுங்கள். பட்டா இறந்துபோன தந்தையின் பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றையும் இணைத்து எல்லா வாரிசுகளும் கையொப்பமிடுவது நல்லது. நிலத்தை எடுப்பதாக அரசு இறுதியாக அறிவிக்கும் 3(1) அறிவிக்கை அரசிதழில் வெளியானதும் நிலம் அரசுக்குச் சேர்ந்துவிடும். ஆட்சேபத்தை முறையாகப் பரிசீலிக்கவில்லை என்று பின்னர் நீதிமன்றத்தில் காட்டுவதற்கும், நீங்கள் ஆட்சேபம் கொடுத்ததற்கான சான்று கையில் இருக்க வேண்டும்.

இதே ஊரில் தேசிய நெடுஞ்சாலைக்காக வேறொருவருக்கு அறிவிப்பு வந்திருந்தால், மேற்சொன்ன நடைமுறை அவருக்குப் பொருந்தாது. தேசிய நெடுஞ்சாலை ஒன்றியப் பட்டியலைச் சேர்ந்தது. 1956ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, நிலத்தை எடுக்கும் எண்ணத்தை அறிவிக்கும் 3ஏ அறிவிக்கை வெளியானதிலிருந்து 21 நாள்களுக்குள் அவர் ஆட்சேபம் கொடுத்தாக வேண்டும்.