குவைத்தில் உழைப்பு, வெள்ளவத்தையில் சும்மாவா?

கேள்வி: யாழ்ப்பாணத்தவன், வெள்ளவத்தையில் இருக்கிறேன். என் மனைவி ஒரு கம்பனியில் கணக்காளராக இருந்தவர். மூத்தவன் பிறந்ததோடு வேலையை விட்டார். ஏழு வருடமாக வீட்டில் சும்மா இருக்கிறார். பிளாட் கடன், வேன் காசு, ரியூஷன் காசு எல்லாம் என் தலையில். "நானும் உழைக்கிறேன்தானே" என்று அவர் சொன்னால் கோபம் வருகிறது. பிள்ளைகளோடு வீட்டில் இருப்பது உழைப்பா?
– ஒரு வாசகர், கொழும்பு 6

பதில்: உழைப்புத்தான். அந்தச் 'சும்மா'வை முதலில் எடுத்துவிடுங்கள்.

எங்கள் நாட்டுப் பெண்கள் குவைத்திலும் சவூதியிலும் அடுத்தவர் வீட்டில் சமைக்கிறார்கள், அடுத்தவர் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார்கள். அவர்கள் அனுப்பும் காசை மத்திய வங்கி மாதாமாதம் கணக்கெடுத்து அறிவிக்கிறது. அதே சமையலை, அதே பிள்ளை வளர்ப்பை ஒருத்தி சொந்த வீட்டில் செய்தால் தேசிய வருமானத்தில் ஒரு சதம் ஏறாது. தொழிற்படைக் கணக்கெடுப்புக்கு உங்கள் வீட்டுக்கு வந்தால், உங்கள் மனைவியைப் 'பொருளாதார ரீதியில் செயற்படாதவர்' என்றுதான் எழுதிக்கொண்டு போவார்கள். கணக்கு எழுதும் முறை அப்படி. வீட்டுக்குள் இருந்து பார்க்கிற நீங்களும் அப்படி எழுதலாமா?

அரசாங்கத்துக்கு இதன் பெறுமதி தெரியாமலும் இல்லை. 2013 இல் 'குடும்பப் பின்னணி அறிக்கை' என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிக்கு வெளிநாடு போவதைத் தடுத்தார்கள். தாய் பக்கத்தில் இல்லாவிட்டால் பிள்ளை பாதிக்கப்படும் என்றார்கள். 2022 இல் டொலர் தட்டுப்பாடு வந்ததும் அந்த ஐந்து வயது இரண்டு வயதாகிவிட்டது. (தகப்பன்மாரிடம் அப்படியொரு அறிக்கையை யாரும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.)

என் மகளுக்கு ஒருமுறை டெங்கு வந்தது. என் மனைவி கலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் கோடு போட்டு எழுதிவைத்திருந்தார்: "2.10 தோடம்பழச்சாறு அரைக் கப். 3.30 சலம் போனாள், குறைவு. 4.00 காய்ச்சல் 101." இரண்டு பகல், இரண்டு இரவு அப்படி. அந்தத் தாளைப் பார்த்துத்தான் வைத்தியர் உடனே வார்டில் சேர்க்கச் சொன்னார். நான் அந்த நேரம் இந்தப் பத்திரிகையின் பக்கங்களை முடித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சம்பளம் வந்தது. அந்தத் தாளுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

சரி, காசுக்கு வருவோம். எல்லாம் உங்கள் தலையில் என்கிறீர்கள். உங்கள் ஊழியர் சேமலாப நிதிக்கு மாதம் நீங்கள் 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும் போடுகிறீர்கள். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னும் 3 சதவீதம். உங்கள் மனைவிக்கு ஏழு வருடமாக அது நின்றுபோயிருக்கிறது. 80,000 ரூபாய் சம்பளம் என்று வைத்தால் மாதம் 18,400. 84 மாதத்துக்கு வட்டி இல்லாமலே 15 இலட்சத்தைத் தாண்டும். இனி வேலைக்குப் போனாலும், கூட வேலைசெய்தவர்கள் மேலாளராக இருக்கும் இடத்தில் அவர் கீழிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் உங்கள் இருவருக்கும் சொந்தம், இந்த நட்டம் மட்டும் அவர் ஒருவருக்கு.

நீங்கள் யாழ்ப்பாணத்தவர் என்பதால் இன்னொன்று. தேசவழமையில், அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்தில், கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்துக்குத் 'தேடியதேட்டம்' என்று பெயர். யார் தேடினாலும், யார் பெயரில் இருந்தாலும் இருவருக்கும் சமம் என்று 1911 கட்டளைச் சட்டம் எழுதிவைத்தது. 1947 இல் 'இருவருக்கும் சமம்' என்ற அந்த வரியை மாற்றிவிட்டார்கள். அதனால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காமல் பிளாட் உறுதியில் அவர் பெயரையும் போடுங்கள். வங்கிக் கடன் இருப்பதால் முதலில் ஒரு நொத்தாரிசிடம் கேளுங்கள்.

அப்புறம், அவர் பெயரில் ஒரு கணக்குத் திறந்து இந்த மாதச் சம்பளத்திலிருந்தே போடத் தொடங்குங்கள். எவ்வளவு என்பதை அவரே சொல்லட்டும். வீட்டில் கணக்காளர் அவர்தானே.