நெகடிவ் பிலிமில் பழகியவர் ஸ்லைடு பிலிம் எடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கலர் நெகடிவில் ஓரளவு கை பழகிவிட்டது, அடுத்து ஸ்லைடு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுங்கள். வெளிச்சத்தை அளந்து பார்க்கும் கண் எனக்கு வந்தது ஸ்லைடில்தான்.

நெகடிவில் ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும் அல்லது பாதியாக்கும் அளவு) ஓவரானாலும், அதாவது வெளிச்சம் கூடிப்போனாலும், டியூப் லைட்டில் முகம் பச்சையடித்தாலும், பிரிண்ட் போடும்போது லேபில் சரிசெய்துவிடுவார்கள். ஸ்லைடில் கேமராவுக்குள் ஓடிய பிலிமேதான், நேரான நிறத்திலேயே, படம். அரை ஸ்டாப் பிசகினாலே தெரியும். அதிலும் ஓவரானால் போச்சு. வெளுத்த இடத்தில் சாயமே இருக்காது, வெறும் கண்ணாடி மாதிரி இருக்கும். எந்த ஸ்கேனரும் அங்கிருந்து எதையும் எடுத்துத் தராது. லேசாக அண்டரானால், அதாவது வெளிச்சம் குறைந்தால், நிறம் அழுத்தமாகும், பிழைத்துக்கொள்ளலாம். அதனால் நிழலைப் பார்த்து மீட்டர் (வெளிச்சத்தை அளக்கும் கருவி) வைக்கும் நெகடிவ் பழக்கத்தை விட்டுவிட்டு, விவரம் போகக்கூடாத மிகப் பிரகாசமான இடம் எது என்று முதலில் தேடுங்கள்.

மாமல்லபுரத்தில் காலை வெயிலில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் பாறையை ஒட்டி நிற்கிறார் என்று வையுங்கள். மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கத்தான் கணக்குப் போடும். வேட்டியை அளந்து அப்படியே எடுத்தால் வேட்டி அழுக்காகத் தெரியும். நிழலில் இருக்கும் பாறையை அளந்து எடுத்தால் வேட்டி வெள்ளைத் திட்டாகிவிடும். வேட்டியை அளந்து ஒன்றரை ஸ்டாப் திறந்து, அதாவது அவ்வளவு வெளிச்சம் கூட்டி, எடுங்கள்; வெள்ளை வெள்ளையாகவே வரும், மடிப்பும் தெரியும். சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டர் இல்லையா? அவர் மேல் விழும் அதே வெயிலில் உங்கள் உள்ளங்கையை நீட்டி, அதை அளந்து ஒரு ஸ்டாப் திறந்தால் போதும். பாறையின் நிழல் கறுத்துப்போகும். போகட்டும். ஸ்லைடு தாங்குவது ஏறக்குறைய ஐந்து ஸ்டாப் வித்தியாசம்தான். உச்சிவெயிலில் இருட்டு மண்டபத்தையும் வெளிமுற்றத்தையும் ஒரே படத்தில் பிடிக்க முடியாது. ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும்.

முதல் ரோலுக்கு ஃபூஜி ப்ரோவியா 100எஃப் அல்லது கோடக் எக்டாக்ரோம் ஈ100 நல்லது. வெல்வியா 50 மலைக்கும் வயலுக்கும் அழகு, ஆனால் முகங்கள் சிவந்துபோகும், காண்ட்ராஸ்டும் அதிகம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பழைய கோடாக்ரோம் ஸ்லைடு ரோலை யாராவது விற்றால் வாங்காதீர்கள். அதற்கான கே-14 முறையில் கழுவித்தந்த கடைசி லேப் அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் ஊரில் இருந்தது. 2010 டிசம்பரோடு அவர்களும் ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

பிலிம் வாங்கும் முன்பே லேபில் பேசிவிடுங்கள். ஸ்லைடுக்கு ஈ-6 கெமிக்கல் வேண்டும், அது எல்லா லேபிலும் கிடையாது. நெகடிவுக்கான சி-41இல் போட்டுவிட்டால் நிறம் தாறுமாறான நெகடிவ்தான் கைக்கு வரும். கிட் வாங்கி வீட்டிலும் கழுவலாம். முதல் டெவலப்பர் மட்டும் 38 டிகிரியிலிருந்து அரை டிகிரிகூட நகரக்கூடாது, படம் வெளுப்பதும் கறுப்பதும் அந்தக் கட்டத்தில்தான் முடிவாகிறது.

முதல் ரோலில் முக்கியமான காட்சி ஒவ்வொன்றையும் மூன்றாக எடுங்கள்: மீட்டர்படி ஒன்று, அரை ஸ்டாப் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று. எதை அளந்தீர்கள், எந்த அப்பர்ச்சர், ஷட்டர் எண்ணில் எடுத்தீர்கள் என்று அங்கேயே நோட்டில் எழுதிவிடுங்கள். கழுவி வந்ததும் ஸ்கேனை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஸ்கேனர் தானாகவே வெளிச்சத்தைத் திருத்தியிருக்கும். ஸ்லைடையே லைட் டேபிளில் வைத்து லூப்பால் (சிறு பூதக்கண்ணாடி) பாருங்கள். அதே கோபுரம், அதே வானம். ஒன்றில் வானம் வெளிறியிருக்கும், அடுத்ததில் நீலம் கெட்டியாக இருக்கும். அரை ஸ்டாப் என்றால் என்ன என்பது அங்கே கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. அந்தச் சந்தோஷத்துக்காகவே நான் இன்றும் ஸ்லைடு வாங்குகிறேன்.

இன்னொன்று. பழைய கேமராக்கள் சில 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அதில் இப்போது கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் மீட்டர் தப்பாகக் காட்டலாம். நெகடிவில் அது தெரிந்தே இருக்காது. டிஜிட்டல் கேமராவை வைத்து ஒருமுறை ஒத்துப்பாருங்கள். உங்களுடையது எந்த மாடல் என்று எழுதினால், அதன் மீட்டர் எந்தப் பகுதியைப் பார்க்கும் என்று சொல்கிறேன்.