ஒவ்வொரு டாக்டருக்கும் ஒவ்வொரு ரிப்போர்ட்டா?

கேள்வி: குடியாத்தத்தில் சின்ன லேப் வைத்திருக்கிறேன். ஆறு மாதமாக சாஃப்ட்வேரில் ரிப்போர்ட் போட்டு வாட்ஸ்அப்பில் டாக்டர்களுக்கு அனுப்புகிறோம். பேர்ணாம்பட்டு டாக்டர் ஒருவர், "ஏழு பக்கத்தை யாருங்க படிக்கிறது? ஒரே பக்கமா கொடுங்க" என்கிறார். வேலூரில் உள்ள சிறுநீரக டாக்டருக்குப் பழைய கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) எல்லாம் வரிசையாக வேண்டுமாம். இன்னொருவர், நார்மலாக இருப்பதையெல்லாம் எடுத்துவிடச் சொல்கிறார். ஆளுக்கொரு மாதிரி செய்து கொடுக்கலாமா? என்.ஏ.பி.எல். (லேபுகளின் தரத்தைச் சோதிக்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க நினைத்திருக்கிறோம், அதில் இடிக்குமா?

பதில்: முதல் இரண்டு பேர் கேட்பதைத் தாராளமாகச் செய்யலாம். மூன்றாமவர் கேட்பதைச் செய்யாதீர்கள்.

நார்மல் என்பதும் ஒரு பதில்தான். அதை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளலாம், தூக்கிவிடக்கூடாது. நம் பக்கத்தில் ரிப்போர்ட் எப்படிப் பயணம் செய்கிறது என்று உங்களுக்கே தெரியும். பேர்ணாம்பட்டு டாக்டருக்காகப் போட்ட தாள், அடுத்த வாரம் மஞ்சப்பைக்குள் மடிந்து வேலூரில் ஏதாவது ஒரு ஓ.பி. வாசலில் நிற்கும். மலையேறி வி.கோட்டா பக்கம் போனாலும் போகும். நீங்கள் யாருக்காக அச்சடித்தீர்களோ அவர் மட்டும் அதைப் படிக்கப் போவதில்லை. பொட்டாசியம் நார்மல் என்பதால் விட்டுவிட்டால், அடுத்த டாக்டர் அது பார்க்கவே இல்லை என்று நினைத்து மறுபடி ரத்தம் எடுப்பார்.

என்.ஏ.பி.எல். பின்பற்றும், மருத்துவ லேபுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரநிலை (இப்போதுள்ளது 2022 பதிப்பு) டாக்டருக்கேற்ற வடிவத்தைத் தடுக்கவில்லை. எந்த டெம்ப்ளேட்டாக இருந்தாலும் நோயாளியின் அடையாளம், சாம்பிள் எடுத்த நேரம், யூனிட், ரெஃபரன்ஸ் ரேஞ்ச் (நார்மல் எல்லை), எத்தனையில் எத்தனையாவது பக்கம், யார் சரிபார்த்தது ஆகியவை இருக்கட்டும். திருத்தம் செய்தால் 'திருத்திய ரிப்போர்ட்' என்று போட்டு, முதல் ரிப்போர்ட்டின் தேதியையும் குறிப்பிடுங்கள். பழையதை அழிக்க வேண்டாம். சில லேபுகளில் ரிசல்ட்டை வேர்டு ஃபைலுக்கு எடுத்துப்போய் டாக்டருக்குத் தகுந்தபடி வெட்டி ஒட்டுகிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். சேமித்த ரிசல்ட் ஒன்றுதான். அதிலிருந்து டெம்ப்ளேட் மட்டும், டாக்டருக்குக் கொடுத்த கோடு எண்ணைப் பார்த்து மாற வேண்டும்.

வரிசையை மாற்றலாம் என்றேன். யூனிட்டை மட்டும் எந்த டாக்டருக்காகவும் மாற்றாதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு லேபில் பிளேட்லெட்டை லட்சத்தில் போடுவோம். 2.2 என்றால் இரண்டு லட்சத்து இருபதாயிரம். புது சாஃப்ட்வேர் வந்ததும் அது ஆயிரக் கணக்குக்கு மாறியது. ஒரு காய்ச்சல் சீசனில் ராத்திரி ஒரு ரிப்போர்ட் போனது: 22. போன் திரையில் பார்த்த நர்ஸம்மா, பழைய பழக்கத்தில் டாக்டரிடம் "டூ பாயிண்ட் டூ சார்" என்று சொல்லிவிட்டார். இருபத்திரண்டாயிரத்துக்கும் இரண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கும் எவ்வளவு தூரம்! நாங்கள் போனிலும் கூப்பிட்டுச் சொன்னதால் தப்பித்தோம். அன்றிலிருந்து முழு எண்ணாக 22,000 என்றே அச்சடிக்கிறேன். அழகாக இல்லை என்று சாஃப்ட்வேர் தம்பி இன்னும் குறைபட்டுக்கொள்கிறார்.

இப்போது பேர்ணாம்பட்டு டாக்டர். காலை ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு அவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். முதல் பக்கத்தில் ரேஞ்சுக்கு வெளியே இருப்பவற்றை மட்டும், பக்கத்தில் முந்தைய அளவோடு கொடுங்கள். மீதி எல்லாம் பின்னால் வரட்டும். சிவப்பு நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், ஜெராக்ஸில் சிவப்பும் கறுப்புதான். தடித்த எழுத்தும் அம்புக்குறியும் போடுங்கள். 'கிளினிக்கலாக ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்று எல்லா ரிப்போர்ட்டிலும் ஒட்டுகிற வரியை எடுத்துவிடுங்கள், யாருமே அதைப் படிப்பதில்லை. அதற்குப் பதில், ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்) 60-க்குக் கீழ் வந்தால், 'மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாட்பட்ட சிறுநீரக நோய்' என்று ஒரு வரி அவருக்கு உதவும். சிறுநீரக டாக்டருக்கு அதே வரியை அனுப்பினால் சிரிப்பார்.

அவருக்கு வேண்டியது வேறு. தேதிவாரியாகக் கிரியாட்டினின், ஜி.எஃப்.ஆர்., பொட்டாசியம், சிறுநீர் அல்புமின் எல்லாம் ஒரே கட்டத்தில். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நடுவில் நீங்கள் கிரியாட்டினின் அளக்க ஜாஃபே முறையிலிருந்து என்சைமேட்டிக் முறைக்கு மாறியிருந்தால், 1.4 என்பது 1.2 ஆகலாம். கிட்னி தேறியதுபோல் தெரியும், மாறியது உங்கள் ரீஏஜென்ட் (டெஸ்டுக்கான ரசாயனம்). அந்தத் தேதியில் ஒரு கோடு போட்டு, 'முறை மாற்றம்' என்று எழுதுங்கள். ஜி.எஃப்.ஆர். கணக்கிட 2021-இல் வந்த புது சூத்திரத்துக்கு மாறியிருந்தாலும் அப்படியே. வேறு லேப் அளவுகளை உங்கள் வரிசையில் கலக்காதீர்கள்.

பொட்டாசியம் 6.8 வந்தால் என்ன டெம்ப்ளேட் என்று யோசிக்காதீர்கள். பைக்கில் வெயிலில் வந்த சாம்பிளா, ஹீமோலிசிஸ் (சிவப்பணு உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறித் தெரிவது) ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆகியிருந்தால் அதை அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், கடைசிப் பக்கத்து அடியில் அல்ல. உடனே போன் போட்டு, எதிரில் இருப்பவர் எண்ணைத் திருப்பிச் சொன்ன பிறகு நேரத்தையும் பெயரையும் குறித்துவையுங்கள். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்ததைத் தகவல் சொன்னதாகக் கணக்கு வைக்க முடியாது. கம்பவுண்டர் பார்த்திருக்கலாம், டாக்டரின் பேரன்கூடப் பார்த்திருக்கலாம்.

டெம்ப்ளேட் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒரு புது டெஸ்ட் சேர்த்தால் மூன்றிலும் சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். எட்டு வைத்திருந்தால் ஏதாவது ஒன்றில் நிச்சயம் விட்டுப்போகும். சாஃப்ட்வேர்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: 2021-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனோடு (மருத்துவப் பதிவுகளைக் கணினியில் இணைக்கும் மத்திய அரசுத் திட்டம்) இணைக்கும்போது அவர் அனுப்புவது எண்களையா, வெறும் பி.டி.எஃப்.பையா? எண்களாகப் போனால்தான் வாங்குகிற டாக்டரின் கணினி தனக்கு வேண்டியபடி அடுக்கிக்கொள்ளும்.

டெம்ப்ளேட் தயாரானதும் பெயரை மறைத்து ஒரு பிரிண்ட் எடுங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில், ஜெராக்ஸையே ஜெராக்ஸ் எடுத்து, ஓ.பி. முடியும் நேரத்தில் பேர்ணாம்பட்டு டாக்டர் முன் வையுங்கள். "சார், இதைப் பார்த்ததும் என்ன எழுதுவீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் விரல் தாளில் முதலில் எங்கே போகிறது என்று கவனியுங்கள்.