சாவியைக் கொடுத்த நாளே முக்கியம்

கேள்வி: வாடகைக்கு இருந்த வீட்டில் என் சொந்தச் செலவில் எல்லா அறைகளிலும் ஸ்மார்ட் ஸ்விட்ச் பொருத்தினேன். விளக்கு, ஃபேன், ஏசி, கீசர் எல்லாமே வாயால் சொன்னால் இயங்கும். காலி செய்தபோது, கழற்றினால் போர்டு கெட்டுவிடும் என்று அப்படியே விட்டு வந்தேன். ‘பழைய ஸ்விட்ச் எங்கே?’ என்று கேட்டு வீட்டுக்காரர் நான்கு மாதமாக அட்வான்ஸைத் தராமல் இழுத்தடிக்கிறார். என் மனைவியிடம் மரியாதை இல்லாமல் பேசினார். அங்குள்ள வைஃபை அவருடையது என்பதால் ஸ்விட்ச்கள் இன்னும் என் கணக்கில் வேலை செய்கின்றன. கோபத்தில் மூன்று இரவுகள் என் வீட்டு ஸ்பீக்கரிடம் சொல்லி அங்கே ஹால் விளக்கை அணைத்தேன், ஒருமுறை கீசரைப் போட்டேன். ‘அட்வான்ஸ் வந்தால் விளக்கு எரியும்’ என்று வாட்ஸ்அப்பும் அனுப்பினேன். இப்போது அங்கே கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்களோடு போலீசுக்குப் போகிறேன் என்கிறார். என் பணத்தில் வாங்கிய பொருளை நான் இயக்கினால் குற்றமா? அவர் மேல் நான் வழக்குப் போடலாமா?

பதில்: அவர் பேசிய பேச்சையும் நான்கு மாத இழுத்தடிப்பையும் ஓரமாக வைத்துவிடுவோம். நீங்கள் எழுதியதில் சட்டம் தேடுவது ஒரே ஒரு தேதியைத்தான். வீட்டுச் சாவியை எந்த நாள் கொடுத்தீர்கள்?

வாடகைதாரர் தான் பொருத்திய பொருளைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்று 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-வது பிரிவு சொல்கிறது. ஆனால் வீடு அவர் வசம் இருக்கும் வரைதான், அதற்குப் பிறகு இல்லை. கழற்றினால் வீட்டை முன்பிருந்த நிலையிலேயே விடவும் வேண்டும். நீங்கள் ஸ்விட்ச்களைச் சுவரில் விட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டீர்கள். பில் உங்கள் பெயரில் இருப்பதால் இந்த நிலை மாறாது.

அந்தத் தேதிக்குப் பிறகு நீங்கள் செய்ததை 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள். உரிமையாளரோ பொறுப்பில் இருப்பவரோ அனுமதிக்காமல் ஒரு கணினிக்குள்ளோ நெட்வொர்க்குக்குள்ளோ நுழைவது 43-வது பிரிவில் வருகிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘ஸ்விட்ச் எப்படிக் கணினி ஆகும்?’ என்று கேட்கலாம். அந்தச் சட்டத்தில் கணினிக்குக் கொடுத்திருக்கும் விளக்கம் மிக அகலமானது. அதோடு உங்கள் கட்டளை போய்ச் சேர்ந்தது அவருடைய வைஃபை வழியாக. பாஸ்வேர்டு பழையதுதான் என்பதால் அனுமதியும் தொடர்கிறது என்று ஆகிவிடாது.

நோக்கத்தை அவர்கள் தேடி அலைய வேண்டியதில்லை, வாட்ஸ்அப்பில் நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் ‘பழக்கத்தில் சொல்லிவிட்டேன், பழைய வீடும் லிஸ்டில் இருந்தது’ என்று வாதாட இடம் இருந்திருக்கும். எனக்கு வரவேண்டிய பணத்தைத்தானே கேட்டேன் என்பது நல்ல வாதம்தான். ஆனால் அது விசாரணையில் எடுபடலாம், புகார் பதிவாகும் நாளில் உதவாது.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். இந்த மாதிரி வழக்குகளில் கட்சிக்காரர்கள் மாட்டிக்கொள்வது செய்த காரியத்தைவிட, பயத்தில் அதற்கு அடுத்த இரண்டு நாளில் செய்யும் காரியத்தால்தான். முதல் வேலையாகக் கணக்கையும் குரல் பதிவுகளையும் அழித்துவிடுவார்கள். அழிக்காதீர்கள். எந்த நேரத்தில் எந்த விளக்கு அணைந்தது என்பது நிறுவனத்தின் சர்வரில் இருக்கலாம். வீட்டுக்காரரின் போனில் உங்கள் செய்தி கட்டாயம் இருக்கும். சாட்சியமாகக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது தனிக் குற்றம். இப்போது இருப்பது ஜாமீனில் வரக்கூடிய ஒரு பிரிவு, அதோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது, ‘பையன் விளையாட்டாகச் சொல்லிவிட்டான்’ என்று சிலர் சொல்வார்கள். குரல் கட்டளையில் இது ஓடாது. ‘ஹால் லைட்டை ஆஃப் பண்ணு’ என்று சொன்னது யார் குரல் என்பது நேரத்தோடு பதிவாகியிருக்க வாய்ப்பு உண்டு. 2023-ம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியம், 63-வது பிரிவின்படி சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்தால், குழந்தையை முன்னால் நிறுத்திய தகப்பன் என்ற பெயர்தான் உங்களுக்கு மிஞ்சும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது கீசர். விளக்கு அணைந்தால் எரிச்சல், அவ்வளவுதான். யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கீசர் ஓடியது என்றால் அது உயிருக்கு ஆபத்து விளைவித்த செயல் என்று எழுதப்படும். அப்புறம், எந்த அறையில் எத்தனை மணிக்கு விளக்கு எரிகிறது என்பதை உங்கள் ஆப் காட்டிக்கொண்டே இருக்கிறது. ‘எங்களைக் கண்காணித்தார்’ என்று அந்தக் குழந்தையின் தாய் புகாரில் ஒரு வரி சேர்த்தால், அட்வான்ஸ் தகராறு என்ற கதையே அங்கே முடிந்துவிடும்.

அந்தப் பெண்ணால் இன்னொரு சிக்கலும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று ஆண்டுக்கு மேற்படாத தண்டனை உள்ள குற்றங்களைச் சமரசம் செய்துகொள்ளத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 77-ஏ பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் பாதிக்கப்பட்டவர் பெண்ணாகவோ 18 வயதுக்கு உட்பட்டவராகவோ இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். எஃப்ஐஆர் பதிவான பின் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். அப்போது உயர் நீதிமன்றத்துக்குப் போய் ரத்து செய்யக் கேட்க வேண்டியிருக்கும். கூடுதல் செலவு, கூடுதல் காலம், முடிவும் உறுதியில்லை.

எனவே இந்த வாரமே சமாதானத்துக்குப் போங்கள். அவர் மேல் வழக்கு என்ற எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நீங்கள் நோட்டீஸ் அனுப்பினால், பதில் நோட்டீஸோடு போலீஸ் புகாரும் சேர்ந்தே வரும்.

ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டு எழுதாதீர்கள், அது ஒப்புதலாகப் படிக்கப்படும். கேட்க வேண்டிய மன்னிப்பை நேரில் கேளுங்கள். அந்தக் குழந்தையின் தாயிடம் அதைக் கேட்கத்தான் வேண்டும், இருட்டில் பயந்தது அவர். எழுத்தில் போவது உங்கள் வழக்கறிஞர் மூலமாக, ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ (அதாவது, இதில் சொல்வதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது) என்ற குறிப்போடு போகட்டும்.

முதலில் கணக்கின் தரவுகளை ஒரு நகல் எடுத்து வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு, வீட்டுக்காரர் பார்க்கும்போது அந்த ஸ்விட்ச்களை உங்கள் கணக்கிலிருந்து நீக்குங்கள். வைஃபை பாஸ்வேர்டையும் அவர் மாற்றட்டும். இது நடந்த தேதி சமாதான ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. இப்போது அந்த வீட்டின் பொறுப்பில் இருப்பது குடியிருப்பவர்கள். கணவன், மனைவி இருவருமே கையெழுத்திட வேண்டும். அவர்களை விட்டுவிட்டால் நாளைக்கே அவர்கள் தனியாகப் புகார் கொடுக்கலாம்.

அட்வான்ஸில் பழைய ஸ்விட்ச் போர்டுகளுக்கான தொகையைக் கழித்துக்கொள்கிறேன் என்றால் சரி என்று சொல்லிவிடுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கழித்தாலும் ஒத்துக்கொள்ளுங்கள். மீதிப் பணம் கைக்கு வரும் தேதியையும் அதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கையெழுத்து ஆகும் வரை அந்த ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், நகல் எடுப்பதைத் தவிர வேறு எதற்கும் ஆப்பைத் திறக்காதீர்கள்.