ராணித் தலைக் காசும் துண்டுக் கடனும்

அன்புள்ள ஐயா,

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். இப்போது பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சென்ற மாதம் எங்கள் பாட்டி காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய சீலைத் துண்டில் முடிந்த ஏழு இந்திய வெள்ளி ரூபாக் காசுகள் இருந்தன. ஒன்றில் விக்டோரியா ராணி, 1862. நான்கில் ஐந்தாம் ஜோர்ஜ். இரண்டில் ஆறாம் ஜோர்ஜ், 1944. மூன்று காசுகளில், மாலையில் கோர்க்கிற காது ஒட்டியிருக்கிறது. எங்கள் பூட்டனார் கோப்பிக் காலத்தில் திருச்சிப் பக்கமிருந்து நடந்து வரும்போது மடியில் கட்டிக்கொண்டு வந்தவை என்று வீட்டில் சொல்வார்கள். கறுத்துக் கிடந்ததால் பற்பொடி போட்டுத் தேய்த்தேன், இப்போது பளபளக்கின்றன. காந்தம் ஒட்டவில்லை. ஆனால் அட்டனில் ஒரு நகைக்கடைக்காரர் 1944ஆம் ஆண்டுக் காசு இரண்டும் போலி என்கிறார். எல்லாவற்றையும் சேர்த்து நிறைக்கு எடுத்துக்கொள்கிறாராம். போலியைக் கண்டுபிடிப்பது எப்படி? விற்கலாமா? யூடியூபில் ஒரு காசு லட்சக்கணக்கில் போவதாகச் சொல்கிறார்களே?

க.

அன்புள்ள க.,

பற்பொடியா தம்பி? விஞ்ஞானம் படிப்பிக்கிற நீங்களா? அந்தக் கறுப்பு அழுக்கில்லை. வெள்ளியும் காற்றிலுள்ள கந்தகமும் பல பத்தாண்டுகள் சேர்ந்து உண்டாக்கிய படலம். காசு இயல்பாகப் பழசானதற்கு அது ஒரு சாட்சி. பற்பொடி அதை எடுத்ததோடு நிற்காமல் உலோகத்தையும் கீறிவிடும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மயிர்க்கோடு மயிர்க்கோடாகத் தெரியும். சேகரிப்பவர்கள் கையில் வாங்கியதுமே கண்டுபிடித்து விலையைக் குறைப்பார்கள். சரி, நடந்தது நடந்துவிட்டது. பாட்டியின் பெட்டியைத் திறந்தவுடன் எதையாவது துடைக்க வேண்டும்போலக் கை பரபரக்கும், அது எனக்கும் தெரியும். இனி ஒன்றையும் தேய்க்காதீர்கள்.

யூடியூப் லட்சங்களை மறந்துவிடுங்கள்.

காந்தம் ஒட்டாததால் பெரிதாக ஒன்றும் நிரூபணமாகவில்லை. செம்பிலும் பித்தளையிலும் ஈயத்திலும்கூடக் காந்தம் ஒட்டாது. காசுக்குள் இரும்பு இல்லை என்பது மட்டுமே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 1947இல் வந்த புலி போட்ட ரூபாக் காசு அசல் அரசாங்கக் காசு, ஆனால் அதில் காந்தம் ஒட்டும். அது முழுக்க நிக்கல்.

உங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் தராசு இருக்குமே, அது போதும். ராணி காலத்து ரூபாவும் ஐந்தாம் ஜோர்ஜ் ரூபாவும் 11.66 கிராம், ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி. தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம். அதனால் நிறையை மட்டும் நம்பாமல் அடர்த்தியைப் பாருங்கள். தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்குங்கள். தராசு காட்டுகிற எண்ணால் காசின் நிறையை வகுத்தால் 10.3க்குப் பக்கத்தில் வரவேண்டும். புதுக் காசென்றால் தராசு 1.13 காட்டும். செம்பும் நிக்கலும் கலந்த போலி 1.3க்கு ஏறிவிடும். காது ஒட்டியவற்றில் ஒட்டுவதற்கு உருக்கி வைத்த பற்றாசு கலந்திருப்பதால் கணக்கு சற்றுப் பிசகும், பயப்பட வேண்டாம்.

இந்தச் சோதனையிலும் தப்பிவிடுகிற போலி உண்டு. நல்ல வெள்ளியையே உருக்கி, அரிய ஆண்டொன்றைப் போட்டு வார்த்துவிடுவார்கள். அங்கே கண்தான் வேலை செய்ய வேண்டும். அச்சில் அடித்த காசில் எழுத்தின் ஓரம் கூராக நிற்கும். வார்த்த காசில் அது மழுங்கி, சோப்பில் செதுக்கியதுபோல் இருக்கும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி அரம் போட்ட தடம் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். 1939 ரூபா அரிது என்பதால் 1938இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

அட்டன் கடைக்காரரின் போலி விவகாரத்துக்கு வருகிறேன். அவர் உரசிப் பார்த்திருப்பார், வெள்ளி பாதிதான் என்று தெரிந்திருக்கும், உடனே போலி என்றிருப்பார். பாதி வெள்ளிதான். ஆனால் அப்படிப் பாதியாக்கியது இந்திய அரசாங்கமே! யுத்த காலத்தில் வெள்ளி தட்டுப்பட்டதும், 1940 முதல் ரூபாவில் பாதி வெள்ளி, மிச்சம் செம்பு, நிக்கல், துத்தநாகம் என்று கலந்தார்கள். கள்ளக்காசு பெருகியதால் விளிம்பையும் மாற்றினார்கள். உங்கள் 1944 காசின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், பல்வெட்டின் நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடும். கள்ளக்காசுக்காரனைத் தோற்கடிக்க வைத்த பள்ளம் அது. அதுதான் நல்ல காசு என்பதற்கு அடையாளம். பழைய காசை வாங்கி விற்கிற கடைக்காரருக்கு இது தெரியாது என்றால் என்னால் நம்ப முடியவில்லை. போலி என்று முதலில் சொல்லி வைத்தால் மிச்ச ஐந்தும் மலிவாக வரும்.

இனி உங்கள் பூட்டனார். கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக் கேட்காத இடம் இது, எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திய இடமும் இதுதான். மலையகத் தமிழர் இங்கே வந்து 200 ஆண்டு என்பதை நினைத்து, மலையகம் 200 என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதன் பிறகு நிறையப் பேர் எனக்குக் குடும்பக் கதைகளை எழுதி அனுப்புகிறார்கள். பத்துக்கு ஏழில் ஒரு பாட்டனார் மடி நிறையக் காசோடு வருகிறார்.

1862 என்று போட்டிருப்பதால் 1862இல் வந்த காசென்று எண்ணுகிறீர்கள். 1874 வரை அதே ஆண்டைப் போட்டேதான் அடித்தார்கள். நான்கு காசில் இருக்கும் ஐந்தாம் ஜோர்ஜ் பட்டத்துக்கு வந்தது 1910இல். கோப்பியில் இலைநோய் கண்டது 1869, தோட்டங்கள் படுத்துவிட்டது 1880களில். கோப்பிக் காலத்தில் வந்தவர் மடியில் பட்டத்துக்கே வராத ராஜாவின் காசு எப்படி இருக்கும்? கணக்கு இடிக்கிறதே, தம்பி. இந்திய ரூபாவாயிற்றே என்பீர்கள். பிரித்தானியர் காலம் முழுக்க இலங்கைக்கென்று வெள்ளியில் ஒரு ரூபாக் காசு அடிக்கப்படவே இல்லை. 1872இல் ரூபா, சதம் என்று கணக்கு மாறியபோதும் புழங்கியது இந்திய ரூபாதான். 1892இலிருந்து 50, 25, 10 சதம் மட்டும் வெள்ளியில் நமக்கென்று வந்தன. ஆகவே அட்டனில் சம்பளமாகக் கிடைத்த காசும் திருச்சியில் கிடைத்த காசும் ஒரே காசு.

அந்த மனிதர்கள் எதோடு வந்தார்கள் என்று யோசியுங்கள். ஆள் சேர்க்கிற கங்காணி முற்பணம் கொடுத்து, ஊர்க்கடனை அடைத்து, வழிச்செலவு போட்டுக் கூட்டி வந்தான். அத்தனையும் ஆள் பேரில் எழுதப்பட்டது. தோட்டம் மாறினால் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டும் கூடவே மாறியது. கடனை அடைத்தால்தான் அடுத்த தோட்டத்துத் தொரை வேலைக்கு எடுப்பார். 1921இல்தான் துண்டுமுறை சட்டப்படி ஒழிந்தது. கோப்பிக் காலத்தில் மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி, அரிசிக் கணக்கில் கழிவு. மடியில் வெள்ளியோடு வருகிறவன் எதற்காக மன்னாரிலிருந்து மலைக்கு வரும் அந்த வடக்கு வழியில், செத்தவர்களை ஓரத்தில் விட்டுவிட்டு நடந்து வரப்போகிறான்?

அப்படியென்றால் இந்த ஏழு காசு யாருடையது? இங்கே தேயிலைக் கொழுந்து பறித்தவளுடையது. அட்டை கடித்த காலோடு மலை ஏறி, காலையில் ஆள் எண்ணுகிற பிரட்டில் பேர் கொடுத்து, அரிசிக் கழிவு போக மிஞ்சியதில் எடுத்து வைத்தது. இதைச் சொல்ல நமக்கு ஏன் வெட்கம்? ஊரிலிருந்து கொண்டு வந்தது என்றால் நாமும் ஒரு காலத்தில் சொத்துக்காரர் என்று காட்டலாம், அதுதானே ஆசை? மலையில் சம்பாதித்தது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? இந்த நாட்டில் நமக்கு என்ன உரிமை என்று கேட்கிறவனுக்குக் காட்ட, வந்தபோது மடியிலிருந்த காசைவிட வந்தபின் சேர்த்த காசு நூறு மடங்கு நல்ல சாட்சி. நீங்களோ அதை உங்கள் கையாலேயே திருச்சிக்குத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

என் அப்பாயி சம்பள நாளில் ஒவ்வொரு காசாக அம்மியில் தட்டி, காதை வைத்துக் கேட்பாராம். நல்ல வெள்ளி இழுத்துக்கொண்டே போகும், ஈயம் டொக்கென்று நின்றுவிடும். டவுன் கடையில் மிச்சமாகக் கொடுத்த ஒரு ஈயக்காசு அவரிடம் இருந்தது. பாக்குப் பையின் தனி அறையில் வைத்திருந்தார். சின்ன வயதில் நான், இதை வேறு கடையில் தள்ளிவிட்டிருக்கலாமே என்றேன். "ஏன்டா, இன்னொருத்தி தலையில கட்டச் சொல்றியா?" என்று முதுகில் ஒன்று வைத்தார்.

ஒப்பந்தம் என்று சனங்களைக் கப்பலேற்றிய காலமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 525,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கினார்களே, அது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து போன குடும்பங்கள் பித்தளைக் குடம், தண்டை, காசு என்று கண்டதையும் விற்றார்கள். அடகுக்கடையில் காது ஒட்டிய காசைக் குறட்டால் பிடித்துக் காதைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் தராசில் போட்டார்கள். பற்றாசுக்கு விலை கிடையாதாம். கிள்ளிய காசெல்லாம் உருகி எந்த ஊர்க் கொலுசானதோ! நிறைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று யாராவது சொல்வதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சினம் வருகிறது.

விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் முட்டுப்பாடு என்றால் தாராளமாக விற்கலாம். உங்கள் பாட்டி அதற்காகத்தான் முடிந்து வைத்திருந்தார், அலமாரியில் வைத்துக் கும்பிட அல்ல. காதில்லாத ஐந்தாம் ஜோர்ஜ் காசு ஏதாவது இருந்தால் அதை முதலில் கொடுங்கள், அது ஏராளமாக அடிக்கப்பட்ட காசு. கண்டியிலோ கொழும்பிலோ காசு சேகரிப்பவரிடம் காட்டுங்கள், வெள்ளி விலைக்குக் கீழே விடாதீர்கள். காது ஒட்டிய மூன்றையும் விற்க வேண்டாம். சேகரிப்பவர்கள் அதைப் பழுது என்று ஒதுக்குவார்கள், எப்படியும் நல்ல விலை வராது. யார் கழுத்தில் கிடந்தவை என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பேரையும் தோட்டத்தையும் டிவிசனையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கேட்கும்போது திருச்சிக் கதையை நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள், அவர்களாகச் சொல்லட்டும்.

தராசுக் கணக்கை எனக்கு அனுப்புங்கள்.