கப்பிக் குட்டிக்கு எந்தச் செடி?

கேள்வி: ஐயா, இரண்டடித் தொட்டியில் கப்பி மீனும் சிவப்பு செர்ரி இறாலும் சேர்த்து வளர்க்கிறோம். கப்பி குட்டி போடுகிறது, மறுநாள் பார்த்தால் ஒன்றைக்கூடக் காணோம். கடையில் கபோம்பா வைக்கச் சொல்கிறார்கள். இந்தக் குளிருக்கு அது சரிப்படுமா?
– வாசகி, குன்னூர்

பதில்: திருடனை வெளியே தேடாதீர்கள் அம்மா. பெற்ற கப்பியே திரும்பி வந்து குட்டியைத் தின்னும். கூட இருக்கும் கப்பிகளும் இறால் குஞ்சைச் சும்மா விடாது. பெரிய மீனின் தலை நுழையாத அளவுக்கு நெருக்கமான புதர் வேண்டும். அகல இலைச் செடி இதற்கு உதவாது.

கபோம்பா அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வெளிச்சத்துக்கு ஏங்குகிற செடி. ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊரில் மூடுபனி இறங்கிவிட்டால் ஜன்னல் வெளிச்சம் அதற்குப் போதாது. அடி இலையெல்லாம் உதிர்ந்து மொட்டைத் தண்டு மிஞ்சும். நல்ல எல்.இ.டி. விளக்கு இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் காசு வீண்.

என் ஓட்டு ஹார்ன்வார்ட்டுக்கு. வேரே கிடையாது, மண் வேண்டாம், அப்படியே மிதக்க விடலாம். குளிர் நாட்டுக் குளங்களிலேயே வளர்கிற செடி, குன்னூர்க் குளிர் அதற்கு ஒரு பொருட்டில்லை. தொட்டியின் மேல்பரப்பில் பாதியை அது அடைத்துக்கொள்ளட்டும், குட்டிகள் அதற்குள் ஒதுங்கிக்கொள்ளும். சென்னை கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து பார்சலில் வரவழைத்தால் முதல் சில நாள் ஊசி இலைகளைக் கொட்டித் தீர்க்கும். நுனி பச்சையாக இருந்தால் பிழைத்துவிடும். கொட்டியதை மட்டும் வலையால் அள்ளிவிடுங்கள், ஃபில்டரை அடைத்துக்கொள்ளும்.

இறாலுக்குக் கீழே ஜாவா மாஸ் என்கிற பாசிச் செடி. இறால் குஞ்சு பிறக்கும்போது 2 மி.மீ.தான் இருக்கும், பிறந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். மாஸ் இழைகளில் படிகிற நுண்ணுயிர்ப் படலம்தான் அதற்குத் தீனி. ஆக, ஒளியவும் தின்னவும் ஒரே இடம். கல்லில் வைத்துத் தையல் நூலால் கட்டிவிடுங்கள். குறைந்த வெளிச்சத்திலும் வளரும், ஆனால் ஆமை வேகம். அதனால் முதலிலேயே இரண்டு கைப்பிடி வாங்கிவிடுங்கள். ஃபில்டர் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்ட மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் மாஸ் எவ்வளவு வைத்தும் குஞ்சு மிஞ்சாது.

காசில்லாமல் ஓடையில் கிடைக்கிறதே என்று செடி அள்ளி வந்துவிடாதீர்கள். தேயிலையில் கொப்புள நோய்க்குத் தாமிர மருந்து அடிப்பது நீலகிரியில் நெடுநாள் வழக்கம், மழையில் அது ஓடைக்கு வந்துவிடலாம். தாமிரம் துளி போதும், இறால் காலி. கடைச் செடியையும் உடனே தொட்டியில் போட வேண்டாம். தனி வாளியில் ஒரு வாரம் வைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றி விடுங்கள். பூச்சிமருந்து வடியும். செடியோடு தும்பிப் புழு வந்திருந்தாலும் கண்ணில் படும். அது குட்டிகளை வேட்டையாடும் ஜந்து.

செடி குளிரைத் தாங்கும், கப்பி தாங்காது. ஹீட்டர் போட்டு 24 டிகிரியில் வையுங்கள். இரண்டடித் தொட்டிக்குச் சமவெளியில் 50 வாட் போதும். மார்கழி இரவுக்கு 100 வாட் வாங்குவதே புத்திசாலித்தனம். இன்னொன்று, மலைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. இறால் சட்டை உரிக்க அது வேண்டும், கப்பிக்கும் சற்றே கடினமான தண்ணீர்தான் பிடிக்கும். கிளிஞ்சல் தூளைத் துணிப்பையில் கட்டி ஃபில்டர் ஓரம் தொங்கவிடுங்கள்.

கேள்வி: ஹார்ன்வார்ட் தொட்டியை மூடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. வெட்டி எறிய மனமில்லை. ஏரியில் விடலாமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: கூடவே கூடாது. 1863-இல் ஓடையை மறித்துக் கட்டிய ஏரி அது. அதில் நம் தொட்டிக் குப்பையும் எதற்கு? கேரளத்தில் கோழிக்கோடு பக்கம் ஆவளப்பாண்டியில் 2020-இல் வாய்க்கால் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்ததே, ஊரே படம் எடுக்கப் போனதே, அது ஒரு வகைக் கபோம்பாதான். தென் அமெரிக்கச் செடி. பூ அழகு, வாய்க்கால் அடைப்பு.

வெட்டியதை ஒரு வாளித் தண்ணீரில் நன்றாக அலசுங்கள், ஒட்டியிருக்கும் குட்டிகள் வாளியில் இறங்கிவிடும். அவற்றைத் தொட்டியில் விட்டுவிட்டு, செடியை வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.